துளசிங்கத்தின் படகுக்கு எங்கள் ஊர் போய்ச் சேர்ந்தது

துளசிங்கம் கோலை ஊன்றித் தள்ளினால் படகு நகராது, கரைதான் நகரும் என்பது அவர் எங்கள் கண்ணில் படுவதற்கு இருபது நாள் முன்பே எங்கள் ஊர் வெள்ளுப்பேட்டைக்குத் தெரிந்துவிட்டது. வடக்கே ஆலிக்குப்பத்தில் டீக்கடை வைத்திருக்கும் என் மச்சான்தான் போன் செய்து சொன்னான். மார்கழி ஒன்பதாம் நாள் காலையில் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ரிட்டயர்டு ஆன ஒருத்தர் பழைய பைபர் படகு ஒன்றைக் கால்வாயில் இறக்கி, மூங்கில் கோலைச் சேற்றில் குத்தித் தெற்குப் பார்த்துத் தள்ளினார், படகு இருந்த இடத்திலேயே இருந்தது, என் கடையும் கடைக்கு முன்னால் இருக்கிற வேப்பமரமும் மரத்தில் கட்டியிருந்த ஆடும் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த கிழவனும் சேர்ந்து வடக்கே போக ஆரம்பித்தோம், கரை என்றால் ஒரே கரைதானே, நீங்களும் போய்க்கொண்டுதான் இருப்பீர்கள், வெளியே வந்து பார் என்றான். நான் வெளியே வந்து பார்த்தேன். போய்க்கொண்டுதான் இருந்தோம்.

நான் இந்த ஊர்த் தபால்காரன், தணிகாசலம். ஊர் நகர்ந்தால் முதலில் தலைவலி யாருக்கு? எனக்குத்தான். பின்கோடு மாறுமா என்று மேலிடத்தில் கேட்டேன், எழுதிப் போடுங்கள் என்றார்கள், எழுதிப் போட்டேன், அந்தக் கடிதம் இன்னும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. சர்வேயர் வந்து சங்கிலியைப் போட்டு அளந்தார், சங்கிலியும் சேர்ந்து நகர்ந்ததால் அளவில் ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை. கிராம நிர்வாக அலுவலர் நோட்டை மூடிவிட்டு, எல்லாரும் சேர்ந்து நகர்ந்தால் யாரும் நகரவில்லை என்றுதான் அர்த்தம், பட்டாவில் மாற்றம் கிடையாது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். பஸ்ஸும் வழக்கம்போல அரை மணி தாமதமாகத்தான் வந்தது.

கடல் மட்டும் எங்களோடு வரவில்லை. கோயிலுக்கு நேரே வலை விட்டவர்கள் திரும்பி வரும்போது கோயில் ஒரு பர்லாங்கு வடக்கே போயிருந்தது. இரண்டு நாள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து கடலில் இருந்தபடியே வீட்டுக்குப் போன் போட்டு, ஊரு இப்ப எங்க கீது என்று கேட்டுக்கொண்டு அங்கே வந்து கரையேறினார்கள். உப்பளத்தில் பாத்தி நீர் தெற்கு வரப்பில் போய் ஒதுங்கியதால் உப்பு அந்தப் பக்கம் தடிமனாக விளைந்தது, வாரிக் குவிப்பது சுலபமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். துளசிங்கம் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஊர் நிற்கும், ரேஷன் கடைக்காரர் அந்த ஒரு மணி நேரத்தில்தான் தராசைத் தொட்டார். மற்ற நேரமெல்லாம் தரை தூளி மாதிரி மெல்ல இழுத்துக்கொண்டே இருந்ததால் கைக்குழந்தைகள் அழாமல் தூங்கின, பெரியவர்களுக்குப் பாதம் மரத்துப்போனது. முதலில் பாதம், பிறகு கணுக்கால். நெருப்பில் பாதி கருகிய சுள்ளியை மிதித்தாலும் சுடவில்லை. வலி இல்லாததை யார் போய் டாக்டரிடம் காட்டுவார்கள்? அப்படியே பழகிவிட்டோம்.

படகு ஏன் நகரவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆலிக்குப்பத்துக்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் ஒரே இடத்தில் நின்று பச்சைக்கொடி காட்டி உலகத்தையெல்லாம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அனுப்பிவைத்த மனுஷன், அவர் எங்கே நகரப்போகிறார், உலகம்தான் நகரும் என்றார்கள். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

அவர் எதற்காகப் படகு இறக்கினார் என்பதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. அவர் மகள் அமுலு எங்கள் ஊரில்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் உப்பளத்தில் வேலை செய்யும் சகாயராஜைக் கட்டிக்கொண்டு, மாலையைக் கழற்றாமல், அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்க அவள் ஆட்டோவில் போனாள். கேட் கீப்பர் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. தூரத்தில் ஆட்டோவைப் பார்த்த துளசிங்கம் கேட்டை இறக்கிவிட்டார். ரயில் எதுவும் வரவில்லை. வரப்போவதும் இல்லை. இந்தப் பக்கம் லாரியும் மாட்டுவண்டியும் பள்ளிக்கூட வேனும் வரிசை கட்டி நிற்க, அந்தப் பக்கம் வீட்டுக்குள் அவள் அம்மா பச்சையம்மாள் பாயசம் கிண்டிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் அந்த மனுஷன் கேட்டைத் தூக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் நுழைகிற சந்து ஒன்று இருந்தது. சைக்கிளைச் சாய்த்து ஊரே நுழைகிற சந்துதான். அமுலு அதில் நுழையவில்லை. அப்பா திறந்தால் வருவேன் என்று நின்றாள், பிறகு ஆட்டோவில் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். ரயில் இல்லாமல் கேட் போட்டதற்கு அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பார்சல் மட்டும் வரும். அனுப்பியவர் பெயர் இருக்காது. ரவிக்கைத் துணி, மஞ்சள் கிழங்கு, பச்சரிசி, ஒரு மண்டை வெல்லம். வெல்லத்துக்கு வழியெல்லாம் எறும்பு சேர்ந்து, சீரோடு எறும்பையும் சேர்த்து நான் டெலிவரி செய்வேன். விலாசம் நீலப் பென்சிலில், ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்தைத் தொடாமல், ரிஜிஸ்டரில் எழுதுவதுபோல இருக்கும். "எங்கம்மாக்கு எழுதத் தெரியாதுண்ணே, யாரையோ புடிச்சி எழுதி வாங்குது, எங்கப்பாருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு" என்று சொல்லி அமுலு சிரிப்பாள். பத்துப் பொங்கலுக்குப் பத்துப் பார்சல் கொடுத்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் பச்சையம்மாள் இறந்துபோனாள். அமுலுவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லப் புறப்பட்ட சொந்தக்காரர்களையெல்லாம் துளசிங்கம் தடுத்து, நானே சொல்லிக்கிறேன் என்றார். சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்லவில்லை, அடுத்த மாதம் ரிட்டயர்டு ஆகி வீட்டைக் காலி செய்தபோதும் சொல்லவில்லை. பெற்றவள் செத்ததை மகளுக்குச் சொல்லாமல் புதைப்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத அநியாயம். அவர் அழவும் இல்லை என்றார்கள். ஆலிக்குப்பத்தில் என் மச்சான் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஆறிடுச்சுப்பா என்றாராம்.

படகு பச்சையம்மாள் போட்ட திட்டம். தேடிக்கொண்டு போனால்தானே உங்க கௌரவம் போகும், ரிட்டயர்டு ஆனதும் ஒரு படகு வாங்கி கால்வாயோட சும்மா சுத்தப் போவோம், போற வழியில பொண்ணு ஊரு வந்தா யார் என்ன செய்ய முடியும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். பஸ்ஸில் வந்தால் நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தில் அந்த ஒரு வாக்கியத்தைத் தயார் செய்ய முடியாது என்று துளசிங்கமே வழியிலுள்ள தாழைக்காட்டுத் துறையில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் படகு.

ஆக, அவர் உட்கார்ந்திருக்க, ஊர் ஊராக அவர் முன்னால் போய் நின்றது. ஒவ்வொரு துறை வரும்போதும் பழக்கதோஷத்தில் பச்சைக்கொடியை எடுத்துப் பிடித்துக்கொள்வாராம். கரையில் துணி துவைக்கிறவர்களிடம், "என் பொண்ணுகிட்ட அவ அம்மா செத்துட்டான்னு சொல்லணும், எப்டிச் சொல்லட்டும்?" என்று கேட்பாராம். ஆலிக்குப்பத்துப் பெண்கள் 'செத்துட்டா' என்று சொல்லாதீங்க, 'தவறிட்டா' என்று சொல்லுங்க என்றார்கள். தாழைக்காட்டுக்காரர்கள், முதலில் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள் என்றார்கள். செத்தவளைப் பற்றிச் சொல்ல வந்து நல்லா இருக்கியாவா என்று அடுத்த ஊர் அதை எடுத்துவிட்டது. அதற்கடுத்த ஊர்ப் பாதிரியார், முதலில் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். இப்படி வடக்கே உள்ள ஒன்பது ஊரும் சேர்ந்து ஒரு வாக்கியத்தைச் செதுக்கிச் செதுக்கி எங்கள் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தன. அன்றன்றைக்கு வாக்கியம் எப்படி இருக்கிறது என்பது போனில் எங்களுக்கு வந்துவிடும்.

அமுலுவுக்குத் தவிர எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்த் தலைவர் குப்பம்மாள் பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம் போட்டு, "தாய் செத்த சேதி பெத்தவன் வாயால வரணும். வழியில போறவன் சொல்லி அந்தப் பொண்ணு அழக்கூடாது. அவரு வந்துக்கிட்டுதானே இருக்காரு, வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். எங்கள் ஊருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

அமுலு தினமும் காலையில் என் சைக்கிளை மறித்தாள்.

"பார்சல் வந்துச்சாண்ணே?"

"இல்லம்மா."

"ஊரு நகர்றதால வழி தெரியாம சுத்துதோ என்னவோ."

"அப்டிதான் இருக்கும்மா."

இப்படிச் சொன்னவன் நான்தான். கருமாதிப் பத்திரிகையைக்கூட ஒருத்தர் விடாமல் கொண்டுபோய்க் கொடுத்து, படித்ததும் கிழித்துப் போடுங்கம்மா, வீட்டில் வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு வருகிறவன். சேதி பைக்குள் இருந்தும் கொடுக்காமல் திரும்பிய நாள் என் சர்வீஸில் கிடையாது. அந்த இருபது நாளும் அதைத்தான் செய்தேன். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பாதம் மரத்த மாதிரி அதுவும் மரத்துப்போயிருந்தது.

மார்கழி இருபத்தைந்தாம் நாள் அவள் சந்தையிலிருந்து புதுப்பானை வாங்கி வந்தாள். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டுவதற்கு வாகாக, வாய் அகலமான பானை. அப்போதுதான் ஊருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாய் செத்து வருஷம் திரும்பவில்லை, அந்த வீட்டில் பொங்கல் வைக்கலாமா? தெரியாமல் வைப்பது அவள் குற்றமா, தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் குற்றமா? அவர் பொங்கலுக்கு முன்னால் வந்தாக வேண்டும். வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் போன் பறந்தது. அவருக்குச் சோறு போட்டு உட்காரவைக்காதீங்க, வாக்கியமெல்லாம் போதும், தள்ளச் சொல்லுங்க என்று குப்பம்மாள் கத்தினாள். அவர்களும் தள்ளச் சொன்னார்கள். அவரோ ஒவ்வொரு நாளும் இன்னும் மெதுவாகத் தள்ளினார்.

போகியன்று மதியம் மூன்று மணிக்கு எங்கள் படித்துறை அவரிடம் போய்ச் சேர்ந்தது.

பழைய பாயையும் கிழிந்த துணியையும் எரித்த கரியோடு ஊரே கரையில் நின்றது. படகில் ஒல்லியாக, காக்கி நிஜார் போட்ட ஒருத்தர் இருந்தார். எதிர்ப் பலகையில் யாரும் இல்லை. அதன் மேல் மடித்த புடவை ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தார். அவர் தள்ள, நாங்கள் கிட்டே போனோம். இன்னும் தள்ள, இன்னும் கிட்டே போனோம். படகுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நாலு முழம் இருக்கும்போது ஊர் நின்றுவிட்டது. அவர் கோலை வளையும்வரை ஊன்றித் தள்ளினார். கரை அசையவில்லை. பொறுக்கமாட்டாமல் நாங்களும் முன்னால் சாய்ந்து பார்த்தோம், என்னமோ நாங்கள் சாய்ந்தால் ஊர் நகர்ந்துவிடும் என்பதுபோல. கரை அசையவில்லை.

அமுலு மேல்படியில் நின்றாள். கோலம் போட்ட மாவு கையில் ஒட்டியிருந்தது, தலையில் கனகாம்பரம். அவரைப் பார்த்தாள், எதிர்ப் பலகையைப் பார்த்தாள். அவள் கீழே இறங்கவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டோவுக்குப் பக்கத்தில் எப்படி நின்றிருப்பாளோ அப்படி நின்றாள். அவரும் ஒரு கையில் பச்சைக்கொடியும் இன்னொரு கையில் கோலுமாக, தண்டவாளத்து ஓரத்தில் நின்றமாதிரியே நின்றார். நாலே முழம்.  சகாயராஜ் அவள் பக்கத்தில் வந்து என்னமோ சொல்ல வாயெடுத்தான், குப்பம்மாள் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

துளசிங்கம் கொடியைச் சுருட்டிப் புடவையின் மேல் வைத்தார். பிறகு படகின் விளிம்பில் உட்கார்ந்து, நீச்சல் தெரியாதவர் இறங்குவதுபோல ஒரு காலை விட்டு ஆழம் பார்த்து, இன்னொரு காலையும் விட்டு, கால்வாய்க்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. அடியில் சேறும் சிப்பியும். ஒரு தரம் தடுமாறினார், நாங்கள் யாரும் கைகொடுக்கவில்லை, கொடுத்திருக்கலாம். சொட்டச் சொட்டப் படியேறி அவளுக்கு இரண்டு படி கீழே வந்து நின்றார்.

ஒன்பது ஊர் செதுக்கிய வாக்கியத்தைக் கேட்க நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"அமுலு," என்றார். "இந்த வருசம் பார்சல் வராது."

அவள் மறுபடி அந்த எதிர்ப் பலகையைப் பார்த்தாள்.

"கட்டறதுக்கு ஆள் இல்ல. அட்ரஸ் எழுதறவன் மட்டும்தான் இருக்கேன்."

எனக்கு அந்த நீலப் பென்சில் எழுத்து கண்ணுக்குள் வந்தது. வண்டி போன நேரத்தை ரிஜிஸ்டரில் எழுதி எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு வருஷமும் பச்சையம்மாள் பார்சலைக் கட்டி அந்த ரிஜிஸ்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பாள், அவரும் ஒன்றும் கேட்காமல் எழுதியிருப்பார். ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டார்கள்.

"எப்ப?" என்றாள் அமுலு.

"ஆடி பத்தொம்போது."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஆவணி, புரட்டாசி என்று வாய் அசைந்தது. மார்கழி வந்ததும் கை தானாகத் தலைக்குப் போய்ப் பூவைப் பிய்த்தது.

"அஞ்சு மாசமா நான் பூ வெச்சிக்கிட்டு இருந்தேன்," என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்னிடம் வந்து நின்றாள். "உனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா," என்றேன்.

 திரும்பி அவரை அடித்தாள். நெஞ்சில், தோளில், மாவு ஒட்டிய இரண்டு கையாலும் அடித்தாள். வெள்ளை வெள்ளையாக அவர் சட்டையில் கை பதிந்தது. அவர் அசையாமல், அடி விழுவதே தெரியாமல், மரம் நிற்பதுபோல நின்றார். அடித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திக் கீழே பார்த்தாள். அவர் நின்ற படி சிவப்பாக இருந்தது. சிப்பி கிழித்து உள்ளங்கால் குறுக்கே பிளந்திருந்தது, ரத்தம் அடுத்த படிக்கும் இறங்கிவிட்டது.

"கால் கிழிஞ்சிருக்குது," என்றாள். அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"வலிக்கலையா உனக்கு?"

அவர் கிழிந்த இடத்தை விரலால் தொட்டார்.

"வலிக்குதும்மா," என்றார். "ஐயோ, வலிக்குதும்மா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுத சத்தம் பெரிதாக, அசிங்கமாக, கால்வாய்க்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. அவளும் அவருக்கு மேல்படியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை.

எங்கள் பாதங்களில் முள் குத்துவதுபோல உணர்ச்சி வந்தது அப்போதுதான். குப்பம்மாள் ஒற்றைக் காலில் நின்று, அம்மாடி என்றாள். இருபது நாள் சுள்ளி சுட்டதும் கல் குத்தியதும் எங்களுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தது. தூங்கிக்கொண்டே இருந்த கைக்குழந்தைகள் வீட்டுக்கு வீடு அழ ஆரம்பித்தன. ஆளில்லாத படகு, எல்லாப் படகும் போவதைப்போல, தண்ணீர் இழுத்த பக்கம் புடவையோடும் கொடியோடும் தெற்கே போனது. கரை நின்றுகொண்டிருந்தது. போய்ப் பிடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அமுலு எழுந்து வீட்டுக்குள் போனாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். புதுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழாயடியில் அதில் தண்ணீர் பிடித்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கழுவினாள்.